கதவின் விலை

சித்திக்கு எழுபது வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. சித்தப்பா போனபிறகு நாகர்கோவிலில் தனியாக இருக்கிறாள். போன வருடம் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. சென்னையிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் இரண்டு இரவு போய்வர வேண்டும். மகன் வெளியூரிலிருந்து போனில் விலைப்பட்டியலை வாசித்தான். சன்னல் இல்லாத உள் அறை ஒரு விலை, கடல் தெரியும் அறை அதைவிடக் கூடுதல், பால்கனியும் தனி வரவேற்பறையும் கொண்ட ‘ஸ்வீட்’ பல மடங்கு கூடுதல். “கப்பல்ல ஸ்வீட்டுன்னா அல்வாவா?” என்று சித்தி கேட்க, மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு மகன் சொன்னான்: “இவ்வளவு ரூபா எதுக்கும்மா? ராத்திரி படுக்கத்தானே போறீங்க?”

சித்தி அவனுக்குப் பதில் சொல்லவில்லை. போனை வைத்தபிறகு என்னிடம் கேட்டாள்: “மக்ளே, அந்தக் கொறஞ்ச ரூமுக்கு உள்ள கொண்டி உண்டுமா? கக்கூஸ் ரூமுக்குள்ளயேதானா?”

கூடுதல் பணம் கொடுப்பது தகுமா என்ற கேள்வியை மகன் ஒரு மாதிரிக் கேட்டான், சித்தி வேறு மாதிரிக் கேட்டாள். அவன் கேட்டது சொகுசைப் பற்றி. அவள் கேட்டது கதவைப் பற்றி. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் நம் மண்ணிலேயே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. ஒரு பயணத்தில் கூடுதல் பணம் எதை வாங்குகிறது என்று பெண்கள் கணக்குப் பார்க்க வேண்டுமானால் அந்த வரலாற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

*

பணம் இருந்தால் இடம் கிடைக்கும் என்பதே நாஞ்சில் நாட்டில் பிந்தி வந்த ஏற்பாடு. திருவிதாங்கூர் அரசின் கீழ் இடம் சாதியால் அளக்கப்பட்டது. யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் குடை பிடிக்கலாம், யார் செருப்பு அணியலாம், யாருடைய உடம்பில் எவ்வளவு துணி இருக்கலாம் என்பதற்கெல்லாம் வரையறை இருந்தது. கல்குளம், இரணியல் பகுதிகளின் நாடார் பெண்கள் தோளை மறைத்ததற்காகச் சந்தையிலும் வழியிலும் தாக்கப்பட்டார்கள். கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று 1813இல் திவான் மன்றோ காலத்தில் ஓர் ஆணை வந்தது. மேலாடைக்கு எதிராக 1829இல் இன்னோர் ஆணை வந்தது. 1859இல் மன்னரின் பிரகடனம் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் அப்போதும் உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அது வந்தது.

தோள்சீலைப் போராட்டத்தை நாம் மானத்தின் வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். அது இடத்தின் வரலாறும்கூட. பொதுவெளியில் ஓர் உடம்பைச் சுற்றி மற்றவர் கையும் கண்ணும் நுழையாத ஓர் எல்லை வேண்டும் என்று கேட்டதுதான் அது. அந்தத் துணிதான் நம் பெண்கள் போராடி வாங்கிய முதல் கதவு. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. சந்தையில் துணி இருந்தது. அதை உடுத்திக்கொண்டு அதே சந்தையில் நிற்கும் உரிமைதான் இல்லை.

தெருவும் அப்படித்தான். 1926இல் சுசீந்திரத்தில் நடந்த சத்தியாக்கிரகம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்கானது. கோயில் நுழைவுப் பிரகடனம் வர அதன்பிறகு பத்தாண்டு ஆனது. 1936 நவம்பர் 12இல் வந்தது.

*

அதே காலத்தில் ரயிலும் கப்பலும் வேறொரு கணக்கைக் கொண்டுவந்தன. சாதிக்குப் பதிலாகச் சீட்டு. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று இடம் ரூபாயால் அளக்கப்பட்டது. பழைய கணக்கைவிட இது நியாயமானதாகத் தோன்றும். பெண்களுக்கு அது எப்படி இருந்தது?

ரயிலில் ஒரு முக்கியமான விஷயம் நடந்தது. ‘மரியாதைப்பட்ட’ வீட்டுப் பெண்கள் ரயிலேற வேண்டுமானால் அவர்களுக்கு மறைப்பான தனி இடம் வேண்டும் என்ற பேச்சு 1860களிலேயே எழுந்துவிட்டது. அந்தப் பேச்சில் பெண்களின் வசதியைவிட ஆண்களின் கௌரவமும் ரயில் கம்பெனிகளின் வருமானமும்தான் அதிகம் இருந்தன. ஆனால் 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டத்தின் 64ஆம் பிரிவு அந்தப் பேச்சைத் தாண்டிப் போனது. 1891 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் மிகக் குறைந்த வகுப்பில் ஒரு பெட்டியறையாவது பெண்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட வேண்டும் என்றது. ரயில் ஐம்பது மைலுக்கு மேல் போவதாக இருந்தால் அந்த அறையில் கழிப்பறை இருக்க வேண்டும் என்றது. கீழ் வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வழக்கமில்லாத காலம் அது.

அந்தச் சட்டத்தில் ‘மிகக் குறைந்த வகுப்பில்’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். தனி இடமும் கழிப்பறையும் வேண்டுமானால் முதல் வகுப்புக்குப் பணம் கட்டு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. மிகக் குறைந்த சீட்டோடு அவை வர வேண்டும் என்றது. நடைமுறையில் அது எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பது வேறு. ஆனால் ஒரு கொள்கை எழுத்தில் வந்துவிட்டது: பெண்ணின் உடம்புக்குத் தேவையான அடிப்படை, சொகுசுக் கணக்கில் சேராது.

நாஞ்சில் நாட்டுக்கு அந்தச் சட்டத்தின் பலன் தாமதமாகத்தான் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1979இல்தான். அதுவரை நம் அம்மாக்கள் பஸ்ஸில் போனார்கள். கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போனார்கள்.

*

கப்பலின் கதை வேறு. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்களில் இடம் பிரிக்கப்பட்டது உண்மை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் ஏற்றினார்கள். தனி ஆண்கள் முன்பகுதியில், குடும்பங்கள் நடுவில், தனிப் பெண்கள் பின்பகுதியில். அது பெண்களுக்குக் கொடுத்த கதவு அல்ல, பெண்களைப் பூட்டிய கதவு. சாவி எப்போதும் கப்பல் அதிகாரிகளின் கையில்தான் இருந்தது.

சீட்டு வாங்கிப் போகும் கப்பல்களின் காலத்தில், தமிழர்களின் நினைவில் நிலைத்த கப்பல் ‘ரஜூலா’. சுசீந்திரத்தில் தெருவுக்காகப் போராடிய அதே 1926இல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் அது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. அறையில் போனவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு.

தளப் பயணம் என்றால் கட்டில் கிடையாது, சுவர் கிடையாது. பாயை விரித்த இடம்தான் உங்கள் இடம். சில நாள், சில இரவு அங்கேயே உண்டு, உறங்கி, குழந்தைக்குப் பால் கொடுத்து, மாதவிலக்கானால் அதையும் அங்கேயே சமாளிக்க வேண்டும். தளத்துக்கும் அறைக்கும் உள்ள கட்டண வித்தியாசம் ஓர் ஆணுக்கு முதுகு வலிக்கும் மெத்தைக்கும் உள்ள வித்தியாசம். தனியாகப் போகும் பெண்ணுக்கு அது கண்ணை மூடித் தூங்குவதற்கும் விழித்தே கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம். ரஜூலாவுக்குப் பின் ‘சிதம்பரம்’ கப்பல் அந்த வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது தீப்பிடித்ததோடு அந்தப் பயணக் காலமே முடிந்தது.

ஆகவே ‘கூடுதல் பணம் தகுமா?’ என்று அந்தக் காலத்துப் பெண் ஒருத்தி கேட்டிருந்தால், தகும் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். அறைக்கான பணம் அவளுக்குச் சொகுசு வாங்கவில்லை. தாழ்ப்பாள் வாங்கியது. அந்தத் தாழ்ப்பாளை விலைக்கு வைத்ததுதான் அநியாயம்.

*

பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2021 மே மாதம் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், நம் மாவட்டத்தின் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வந்த வயதான பெண் ஒருவர் நாற்றமடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் பேருந்து நிலையத்திலேயே சத்தம்போட்டு நியாயம் கேட்டது காணொளியாகப் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

சீட்டு இலவசமாகிவிட்டது, இடம் இன்னும் இலவசமாகவில்லை. கடற்கரைப் பெண் தலைச்சுமையோடு ஏறும்போது அவளுடைய உழைப்பின் வாசனையே அவளை இறக்கிவிடும் காரணமாகிறது. ‘ஓசி’ என்ற சொல் இதற்குத் துணைநிற்கிறது. பணம் கொடுக்காதவளுக்கு மரியாதை கேட்கும் உரிமை இல்லை என்பதே அந்தச் சொல்லின் பொருள். உயர்ந்த சீட்டுக்குப் பலர் பணம் கொடுப்பது இருக்கைக்காக அல்ல. ‘நீ இறங்கு’ என்று யாரும் தம்மிடம் சொல்ல மாட்டார்கள் என்ற உறுதிக்காக.

கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுத்துறையில் இதையே வேறு விதமாகப் பார்க்கலாம். விவேகானந்தர் பாறைக்குச் சாதாரணச் சீட்டும் உண்டு, அதைப்போலப் பல மடங்கு விலையில் சிறப்புச் சீட்டும் உண்டு. சிறப்புச் சீட்டு வாங்கினால் நீண்ட வரிசையில் நிற்க வேண்டாம். கடலில் ஏறியபிறகு இரண்டு சீட்டுக்கும் ஒரே அலைதான். கூடுதல் பணம் அங்கே வாங்குவது காத்திருக்காமல் போகும் உரிமையை. விடுமுறை நாள் வெயிலில், கைக்குழந்தையோடோ முட்டுவலியோடோ நிற்கும் ஒரு பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது நிழலும் உட்கார ஒரு பெஞ்சும் என்றால், அதைச் சிறப்புச் சீட்டாக விற்பது சரிதானா என்றும் கேட்க வேண்டும்.

*

இனிச் சித்தியின் கப்பலுக்கு வருவோம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து ‘எம்ப்ரஸ்’ என்ற கப்பலின் சொகுசுப் பயணத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். அதன்பிறகு கப்பல் சுற்றுலா நம் ஊர்க் குடும்பங்களின் பேச்சிலும் வந்துவிட்டது. இத்தகைய கப்பல்களில் மிகக் குறைந்த விலையுள்ள உள் அறைக்கும் பூட்டும் கதவு உண்டு. உள்ளேயே கழிப்பறையும் குளியலறையும் உண்டு. சித்தி கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் ‘உண்டு’. ரஜூலாவின் தளத்தில் விலைக்கு இருந்தது இங்கே அடிச்சீட்டோடு வருகிறது.

அப்படியானால் மேலே கொடுக்கும் பணம் எதற்கு? பெரிய அறை, பால்கனி, வரிசையில் நிற்காமல் ஏறுவது, சில கப்பல்களில் தனிச் சாப்பாட்டு இடம், கூப்பிட்டால் வரும் பணியாள். இதில் பாதி வசதி, மீதி மற்றவர்களிடமிருந்து தள்ளி இருப்பதற்கான விலை. இரண்டு இரவுப் பயணத்தில் தூங்கும் நேரம் போக மிச்சமெல்லாம் மேல்தளத்திலும் உணவறையிலும் கழியும். அவை எல்லாருக்கும் பொது. கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னொன்றும் முக்கியம். கப்பலின் நடுவில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடும். விலை உயர்ந்த அறைகள் பெரும்பாலும் உயரத்தில்தான் இருக்கின்றன.

ஆனால் விலைப்பட்டியலில் மகன் வாசிக்காமல் விட்ட ஒரு வரி இருந்தது. கட்டணம் ‘இருவர் தங்கினால் ஒருவருக்கு’ என்ற கணக்கில் போடப்பட்டது. தனியாகப் போகிறவர் கூடுதலாகக் கட்ட வேண்டும். கப்பல் தொழிலில் பல சமயம் அது ஏறக்குறைய இன்னோர் ஆளின் கட்டணம். அதாவது, சித்தி செத்துப்போன சித்தப்பாவுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்க வேண்டும். கைம்பெண்ணும் மணமாகாதவளும் பிரிந்து வாழ்பவளும் தனியாக ஒரு கதவு கேட்டால், பக்கத்தில் இல்லாத ஆணுக்கும் சேர்த்து விலை கொடுக்கச் சொல்கிறது இந்தக் கணக்கு. சொகுசு அறைக்கான கூடுதல் தொகையை எல்லாரும் விவாதிக்கிறார்கள். இந்தக் கூடுதலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒன்றையும் மறக்கக் கூடாது. தேவை தீர்ந்தபிறகு மிச்சமிருப்பது ஆசைதான் என்று சொல்லிப் பெண்களைச் சிக்கனத்துக்கு அனுப்புவது நமக்குத் தெரிந்த பழைய தந்திரம். மகன் கார் வாங்கியபோது ‘ஆபீசுக்குத்தானே போறே’ என்று யாரும் கேட்கவில்லை. சித்தியின் பென்ஷன் சித்தியின் பணம். பால்கனியில் உட்கார்ந்து விடியலைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவள் அதைச் செலவழித்தாலும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயத்துக்காகக் கொடுக்கிறாளா, ஆசைக்காகக் கொடுக்கிறாளா என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் போதும். பயத்துக்கு விலை கொடுக்கும் நிலைமையைத்தான் மாற்ற வேண்டும். ஆசைக்கு விலை கொடுப்பது அவரவர் விருப்பம்.

இதையெல்லாம் சித்தியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எனக்குச் சன்னல் வேணும், பால்கனி வேண்டாம்” என்றாள். கடல் தெரியும் அறையை எடுத்தாள். இறந்தவருக்குச் சீட்டு வாங்க மனமில்லாமல், அறுபத்தெட்டு வயது மயினியைக் கூட்டிக்கொண்டாள். மயினிக்கு அதுதான் வீட்டு ஆண்கள் யாரும் இல்லாமல் போன முதல் பயணம்.

திரும்பி வந்தபிறகு எப்படி இருந்தது என்று கேட்டேன். கடலையும் சாப்பாட்டையும் பற்றி நிறையச் சொன்னாள். கடைசியில் சொன்னாள்: “மொத ராத்திரி கதவச் சாத்திட்டு மூணு வாட்டி எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன் மக்ளே, பூட்டியிருக்கான்னு. ரெண்டாம் ராத்திரி பாக்கல்ல. ஒறங்கிட்டேன்.”