கண்ணுக்குள் வைத்த லென்ஸைத் திரும்ப எடுக்க முடியுமா?

"ஐசிஎல் வச்சுக்கோ, ஒத்து வரலைன்னா எடுத்துடலாம்." பவர் அதிகம் என்பதால் லேசிக் செய்ய முடியாதவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சிங்கப்பூரில் தொடக்கநிலை 6-க்குள் சுமார் 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. அதனால் இங்கே பலருக்கும் எழும் கேள்விதான்.

எடுக்க முடியும். ஆனால் கண் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்று சொல்ல முடியாது.

எப்படி எடுக்கிறார்கள்?

லேசிக்கில் கருவிழித் திசுவைச் செதுக்குகிறார்கள். செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஐசிஎல் அப்படியில்லை. மென்மையான லென்ஸை மடித்து, சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டு வழியாகச் செலுத்தி, ஐரிஸ் எனும் நிற வளையத்துக்குப் பின்னால் வைக்கிறார்கள். இயற்கை லென்ஸை யாரும் தொடுவதில்லை. எடுக்கும்போதும் அதேபோன்ற சிறு வெட்டுதான்.

ஏன் மாற்ற வேண்டி வருகிறது?

பெரும்பாலும் சைஸ் பிரச்சினைதான். பரவலாகப் பயன்படும் ஐசிஎல் 12.1 முதல் 13.7 மில்லிமீட்டர் வரை நான்கே அளவுகளில் வருகிறது. அது போய் உட்காரும் இடம் ஐரிஸுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. ஸ்கேன் அளவுகளை வைத்துக் கணிக்கிறார்கள். கணிப்பு சில சமயம் தவறும்.

இரண்டு லென்ஸுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் முதல் முக்கால் மில்லிமீட்டர் வரை இடைவெளி இருந்தால் நல்லது. ஐசிஎல் பெரிதாகிவிட்டால் ஐரிஸை முன்னே தள்ளும். கண்ணில் சுரக்கும் நீர் வெளியேற வழி குறுகி, கண் அழுத்தம் ஏறலாம். சிறிதாகிவிட்டால் இயற்கை லென்ஸை உரசிக் கண்புரையை உண்டாக்கலாம். அமெரிக்காவில் 2022-இல் அனுமதி பெற்ற புதிய ரகத்தின் நடுவே 0.36 மில்லிமீட்டர் துளை உண்டு. அதன் வழியே நீர் ஓடுவதால் இந்த ஆபத்துகள் குறைந்திருக்கின்றன, அறவே போய்விடவில்லை.

சிதறல் பார்வைக்கான லென்ஸ் இடம் திரும்பினாலும் பார்வை மங்கும். அதை முதலில் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். மறுபடியும் நகர்ந்தால்தான் வேறு சைஸ்.

எடுத்த பிறகு?

800 டிகிரி இருந்தவருக்கு அந்த 800 திரும்ப வரும். ஏற்கெனவே கண்புரை வந்திருந்தால் அது மறையாது. கருவிழியின் உட்புறத்தில் உள்ள அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராதவை. ஒவ்வோர் அறுவை சிகிச்சையிலும் அவற்றில் கொஞ்சம் போகும். அதனால்தான் முதலில் அவற்றை எண்ணிப் பார்க்கிறார்கள். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதை வைத்து மட்டும் அவசரப்பட வேண்டாம். பலருக்குச் சில மாதங்களில் அது பழகிவிடும்.

வயதானபின் கண்புரை வந்தால், அந்த அறுவை சிகிச்சையின்போதே ஐசிஎல்லையும் எடுத்துவிடுவார்கள். கண்புரைக்காக வைக்கும் லென்ஸ் வேறு. நாளாக நாளாக அது சவ்வுப் பையோடு ஒட்டிக்கொள்வதால் மாற்றுவது கடினம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஐசிஎல் வைத்தவருக்குக் கண்வலியோடு தலைவலி, குமட்டல், மங்கல் வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொரு பரிசோதனை வேண்டும். லென்ஸின் அளவும் பவரும் எழுதிய அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். வேறு மருத்துவரிடம் போனால் முதலில் அதைத்தான் கேட்பார். கையெழுத்துப் போடும் முன்பே இதையும் கேளுங்கள்: சைஸ் சரியில்லாமல் மாற்ற நேர்ந்தால் செலவு பேக்கேஜில் சேருமா, தனியா?