எத்தில் என்ற பெயரில் வந்த காரீயம்

சில வருடங்களுக்கு முன்புவரை பெட்ரோல் பங்குகளில் பம்பின் மேல் 'அன்லெடட்' என்று எழுதியிருப்பார்கள். காரீயம் கலக்காத பெட்ரோல் என்று பொருள். கலக்கவில்லை என்று எழுதி வைக்க வேண்டிய அவசியம் வந்தது என்றால், அதற்கு முன்பு கலந்துதானே விற்றிருக்க வேண்டும்? ஆம், விற்றார்கள். அமெரிக்காவில் 1923ல் தொடங்கிய இந்த வழக்கம் உலகத்தை விட்டு முழுவதுமாகப் போக 2021 வரை ஆனது. அது விஷம் என்று தெரியாமல் நடந்திருந்தால் பாவம், அறியாமை என்று விட்டுவிடலாம். ஆனால் முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் வயிற்றெரிச்சலான பகுதி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறார்களே, ரசம் வைக்க ஈயச்சொம்பு வைத்திருக்கிறார்களே, அது வெள்ளீயம். வேறு உலோகம். (அந்தச் சொம்பில் காரீயம் கலப்படம் செய்து விற்பவர்கள் உண்டு, அது தனிக்கதை.) இங்கே பேசப்படுவது காரீயம். பேட்டரியிலும் துப்பாக்கிக் குண்டிலும் இருப்பது. இது உடம்புக்கு ஆகாது என்பது இருபதாம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. தண்ணீர் கொண்டுபோகக் காரீயக் குழாய் நல்லதல்ல என்று ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

சரி, அப்படிப்பட்ட பொருளை ஏன் பெட்ரோலில் போட்டார்கள்?

பெட்ரோல் இஞ்சினில் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை பிஸ்டன் அழுத்தும். பிறகு ஸ்பார்க் பிளக் பொறி விட்டு அதை எரிக்கும். சில சமயம் பொறியிலிருந்து தீ பரவி முடிப்பதற்குள் மீதிக் கலவை தானாகவே வெடித்துவிடும். அப்போது இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். அழுத்தம் அதிகமான, சக்தி அதிகமான இஞ்சின் செய்ய வேண்டுமென்றால் இந்த நாக்கிங்கை ஒழித்தாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங், தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளரிடம் இந்த வேலையை ஒப்படைத்தார். மிட்ஜ்லி அயோடின், அனிலின் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். டெல்லூரியம் நன்றாக வேலை செய்தது, ஆனால் அதைத் தொட்டவர்கள் மேல் குளித்தாலும் போகாத பூண்டு நாற்றம் ஒட்டிக்கொண்டது! கடைசியில் 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயக் கூட்டுப்பொருளைச் சோதித்தார். மிகக் கொஞ்சமாகக் கலந்தாலே போதும், நாக்கிங் போயே போச்சு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காரீயத்துக்கு மாற்று அன்றைக்கே இருந்தது. ஆல்கஹால் (எத்தனால்) கலந்தாலும் நாக்கிங் குறையும். இது மிட்ஜ்லிக்கே தெரியும். அதே 1921ல் ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் கார் ஓட்டிக் காட்டியவர் அவர். ஆனால் ஆல்கஹாலை நிறையக் கலக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், அதற்கு யாரும் பேட்டன்ட் வாங்க முடியாது. காரீயக் கலவைக்கு வாங்கலாம். விற்கப்படும் ஒவ்வொரு காலனுக்கும் காசு பார்க்கலாம். ஒரு நூற்றாண்டு கழித்து இந்தியாவின் பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்திருக்கிறது என்பதை இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

1923 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரில் முதல் விற்பனை தொடங்கியது. பெயர் 'எத்தில்'. லெட் என்ற சொல் பெயரில் எங்கும் இல்லை. கேட்பதற்கு யாரோ ஒரு பெண்ணின் பெயர் போல இருக்கும். அந்த வருடத் தொடக்கத்தில் மிட்ஜ்லிக்கே காரீய நச்சு ஏறி, ஓய்வெடுக்க ஃபுளோரிடா போக வேண்டியிருந்தது. 1924ல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலும் சேர்ந்து எத்தில் கார்ப்பரேஷனை ஆரம்பித்தன. டூபான்ட் நிறுவனமும் தயாரிப்பில் இறங்கியது.

அதே வருடம் அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் தொழிலாளர்கள் ஒவ்வொருவராகப் பிதற்ற ஆரம்பித்தார்கள். இல்லாத ஆட்களைக் கண்டு ஓடினார்கள். கட்டிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நிலைமை. சில நாட்களுக்குள் ஐந்து பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அளவுக்கு மீறி உழைத்ததால் புத்தி பேதலித்திருக்கலாம் என்ற ரீதியில் ஆலைத் தரப்பிலிருந்து பதில் வந்தது! டூபான்டின் டீப்வாட்டர் ஆலையில் வேலை பார்த்தவர்கள் இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்டிக்கொண்டே இருப்பார்களாம். அதனால் அந்தக் கட்டடத்துக்கு 'வண்ணத்துப்பூச்சி வீடு' என்று தொழிலாளர்களே பெயர் வைத்தார்கள். அங்கேயும் சாவுகள் நடந்தன. பத்திரிகைகள் இதற்குப் 'பைத்தியக்கார வாயு' என்று பெயர் சூட்டின. நியூயார்க் நகரம் விற்பனையைத் தடை செய்தது.

அக்டோபர் 30 அன்று மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூட்டினார். அவர்கள் கண்ணெதிரே டெட்ராஎத்தில் லெட்டைக் கையில் ஊற்றித் தேய்த்தார், பாட்டிலைத் திறந்து ஒரு நிமிடம் முகர்ந்தார், தினமும் இப்படிச் செய்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்றார். முந்தைய வருடம்தான் அதே பொருளால் படுத்து எழுந்தவர் அவர் என்பது அங்கிருந்த நிருபர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ.

1925 மே மாதம் வாஷிங்டனில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு கூட்டம் நடத்தினார். தொழில் நோய்களில் பெயர்பெற்ற டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டல் ஹென்டர்சன் இருவரும் கடுமையாக எதிர்த்தார்கள். ஆலைத் தொழிலாளியின் பிரச்சினையாக மட்டும் இதைப் பார்க்காதீர்கள், வண்டிப் புகை வழியாக ஊரே கொஞ்சம் கொஞ்சமாக இதைச் சுவாசிக்கப் போகிறது என்பதுதான் ஹென்டர்சனின் வாதம். கம்பெனி தரப்போ இதைக் கடவுள் கொடுத்த பரிசு என்றது. விற்பனை தற்காலிகமாக நின்றது, ஒரு குழு அமைக்கப்பட்டது. சில மாதங்கள் டிரைவர்களையும் கராஜ் ஆட்களையும் சோதித்துவிட்டு, தடை செய்யப் போதுமான காரணம் இல்லை, ஆனால் ஆராய்ச்சி தொடர வேண்டும் என்று 1926 ஜனவரியில் குழு சொன்னது. முதல் பாதியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், இரண்டாம் பாதியை மறந்துவிட்டார்கள். விற்பனை மறுபடி தொடங்கியது.

அதற்குப் பிறகு சுமார் நாற்பது வருடம் இந்த விஷயத்தில் ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் ராபர்ட் கெஹோ என்ற ஒருவர்தான். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கொடுத்தவை எத்தில், ஜெனரல் மோட்டார்ஸ், டூபான்ட் கம்பெனிகள். மனித உடம்பில் காரீயம் இருப்பது இயற்கை, ஓர் அளவுக்குள் இருந்தால் கெடுதல் இல்லை என்று கெஹோ சொல்லிவந்தார். அதற்கு ஆதாரமாக, கார்களே போகாத மெக்சிகோ கிராமத்து ஜனங்களின் உடம்பிலும் காரீயம் இருப்பதைக் காட்டினார். அவர்கள் சாப்பிட்ட மண் தட்டுகளுக்குக் காரீயம் கலந்த மெருகு பூசியிருந்தது என்பது வேறு விஷயம்! கெடுதல் என்று நிரூபித்துக் காட்டுங்கள், அதுவரை விற்போம் என்பதே அவரது நிலைப்பாடு. நிரூபிக்கப் பணமும் கருவியும் யாரிடம் இருந்தன என்று பார்த்தால், விற்றவர்களிடம்தான்.

இந்தக் கோட்டையில் ஓட்டை போட்டவர் காரைப் பற்றியோ பெட்ரோலைப் பற்றியோ யோசிக்காமல் வேறொரு வேலையாக வந்தவர். கிளேர் பேட்டர்சன் என்ற வேதியியலாளருக்குக் கொடுக்கப்பட்ட வேலை பூமியின் வயதைக் கண்டுபிடிப்பது. யுரேனியம் சிதைந்து சிதைந்து காரீயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது கிடைத்துவிடும். ஆனால் அவர் அளக்கும்போதெல்லாம் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு காரீயம் வந்தது. தண்ணீரில், பாத்திரத்தில், தூசியில், தன் தலைமுடியில் என்று எங்கு பார்த்தாலும் காரீயம். வெறுத்துப்போய் விடவில்லை மனிதர். தரையைத் துடைத்து, குழாய்களை மாற்றி, வடிகட்டிய காற்றை உள்ளே விட்டு, தூசியே நுழையாத ஆய்வுக்கூடம் ஒன்றை உருவாக்கினார். விண்கல் ஒன்றின் துண்டை அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956ல் வெளியிட்டார். இன்றும் அந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை.

வேறு யாராவது என்றால் அந்தப் புகழோடு உட்கார்ந்திருப்பார்கள். பேட்டர்சனுக்கோ இத்தனை காரீயம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி தீரவில்லை. கடலில் அளந்தார். ஆழத்தில் இருந்ததைவிட மேல்மட்டத் தண்ணீரில் மிக அதிகம், அதாவது சமீபத்தில் வானத்திலிருந்து விழுந்தது. பிறகு கிரீன்லாந்தின் பனியை அடுக்கடுக்காக வெட்டி அளந்தார். மனிதர்களே இல்லாத அந்தப் பனியிலும் தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து காரீயம் ஏறிக்கொண்டே வந்து, 1940க்குப் பிறகு செங்குத்தாக எகிறியிருந்தது. 1965ல் வெளியிட்ட கட்டுரையில், அமெரிக்கர்களின் உடம்பில் இயற்கையான அளவைப் போல சுமார் நூறு மடங்கு காரீயம் இருக்கிறது என்று கணக்குப் போட்டார். கெஹோ இயற்கை என்று சொன்னது இயற்கையே அல்ல, எல்லோர் உடம்பிலும் இருந்ததால் அப்படித் தோன்றியது, அவ்வளவுதான்.

பலன்? எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கத்திலிருந்து வந்த ஆராய்ச்சி நிதி நின்றது. அரசின் பொதுச் சுகாதாரத் துறையும் ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. 1971ல் காற்றில் காரீயம் பற்றி அமைக்கப்பட்ட தேசியக் குழுவில், அந்தத் துறையில் அவரைவிட நன்றாக அளக்கத் தெரிந்தவர் இல்லாத நிலையிலும் அவருக்கு இடமில்லை.

ஆனாலும் காரீயத்தை முதலில் வெளியேற்றியது மனிதனின் மூளைக்கு வந்த ஆபத்து அல்ல, காரின் உதிரிபாகத்துக்கு வந்த ஆபத்து! 1970ன் தூய காற்றுச் சட்டத்தால் கார்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பொருத்த வேண்டி வந்தது. அதிலுள்ள பிளாட்டினத்தைக் காரீயம் கெடுத்துவிடும். எனவே 1975 மாடல் கார்களுக்குக் காரீயமில்லாத பெட்ரோல் தேவைப்பட்டது. அதே பத்தாண்டில் டாக்டர் ஹெர்பர்ட் நீடில்மேன் பாஸ்டன் பகுதிக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து அளந்தார். பல்லில் காரீயம் அதிகமுள்ள குழந்தைகள் அறிவுத்திறன் சோதனையிலும் வகுப்பில் கவனத்திலும் பின்தங்கியிருந்ததை 1979ல் வெளியிட்டார். இவரையும் விடவில்லை. ஆய்வில் முறைகேடு என்று புகார் கிளப்பினார்கள். விசாரணையில் மோசடி எதுவும் இல்லை என்றானது. 1976க்கும் 1980க்கும் இடையில் பெட்ரோலில் காரீயம் குறையக் குறைய அமெரிக்கர்களின் ரத்தத்தில் சராசரிக் காரீயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. 1996ல் முழுத்தடை வந்தது.

இந்தியாவில் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தலையிட்ட பிறகு, 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் கன்வர்ட்டர் பொருத்திய புதுக் கார்களோடு சேர்ந்து அன்லெடட் வந்தது. அதைப் போட்டால் வால்வு தேய்ந்துவிடும் என்று பழைய வண்டிக்காரர்கள் பயந்தார்கள். (அது முழுப் பொய்யும் அல்ல, காரீயம் வால்வு உட்காரும் இடத்தில் ஒரு மெத்தை போல இருந்து வந்தது.) பெங்களூரின் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் தொண்ணூறுகளின் இறுதியில் பெருநகரங்களில் ரத்தப் பரிசோதனை நடத்தியபோது, பாதிக் குழந்தைகளுக்கு மேல் அன்றைய அபாய அளவைத் தாண்டியிருந்தார்கள். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் அன்லெடட் மட்டுமே என்றானது. இலங்கையில் 2002ல் நின்றது.

பணக்கார நாடுகள் கைவிட்ட பிறகும் சரக்கு மட்டும் ஏழை நாடுகளுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இதைத் தயாரித்த இன்னோஸ்பெக் என்ற கம்பெனி, இந்தோனேசியாவிலும் ஈராக்கிலும் வியாபாரம் நின்றுவிடாமல் இருக்க அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததாக 2010ல் அமெரிக்க, பிரிட்டன் நீதிமன்றங்களில் ஒப்புக்கொண்டது. கடைசியாக விற்ற நாடு அல்ஜீரியா. 2021 ஜூலையில் அதுவும் நிறுத்தியது. சிறிய பிஸ்டன் இஞ்சின் விமானங்களின் பெட்ரோலில் மட்டும் இன்னும் காரீயம் மிச்சமிருக்கிறது.

பெயின்ட், பழைய பேட்டரி உருக்கும் கூடங்கள், நிறம் கூட்டிய மஞ்சள்தூள் என்று காரீயம் வரும் வழிகள் வேறும் உண்டு. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைக்குரிய அளவு இருக்கிறது என்று 2020ல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது. புகையாய்ப் போனதும் எங்கும் போய்விடவில்லை. காரீயம் மக்காது, ஆவியாகிப் போகாது, சாலையோர மண்ணில் படிந்து காற்றடித்தால் மறுபடி எழும்பும். பிரிட்டனில் 2000ம் ஆண்டே தடை வந்துவிட்டது. ஆனால் லண்டன் தெருக்களில் காற்றுத் தூசியைப் பிடித்து, பேட்டர்சன் கையாண்ட அதே ஐசோடோப்பு முறையில் அளந்து 2021ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் இருந்த காரீயத்தில் 40 சதவீதம் வரை அந்தப் பழைய பெட்ரோலிலிருந்து வந்தது.