54 மணி நேரமும் 55 ஆண்டுகளும்: திருவனந்தபுரத்தின் புத்தொழில் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

வெள்ளிக்கிழமை மாலை ஒரு கூடத்தில் ஒருவரையொருவர் அறியாதவர்கள் கூடுகிறார்கள். எண்ணம் உடையவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் பேசுகிறார்கள். கூடியிருப்பவர்கள் வாக்களித்துச் சில எண்ணங்களைத் தேர்கிறார்கள். அவற்றைச் சுற்றிக் குழுக்கள் அமைகின்றன. நிரலர், வடிவமைப்பாளர், வணிகம் அறிந்தவர் எனப் பலரும் ஒரே மேசையில் அமர்ந்து சனிக்கிழமை முழுதும் உழைக்கிறார்கள். ஞாயிறு மாலை நடுவர்கள் முன்னிலையில் ஒரு மாதிரிப் பொருளும் வணிகத் திட்டமும் வைக்கப்படுகின்றன. மொத்தம் 54 மணி நேரம். ‘ஸ்டார்ட்அப் வீக்கெண்ட்’ என்னும் பெயரில் உலகெங்கும் பரவிய இம்முறையையும், அதன் சாயலில் பிறந்த எண்ணற்ற போட்டி முகாம்களையும், திருவனந்தபுரத்தின் பொறியியல் கல்லூரிகளும் கழக்கூட்டத்து டெக்னோபார்க்கும் இன்று இயல்பான நிகழ்வுகளாகவே கருதுகின்றன. இவற்றைப் பற்றிய பேச்சில் ஒரு கதை மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது: ஓர் எண்ணம், ஒரு குழு, மூன்று நாள், ஒரு நிறுவனம். அக்கதை உண்மையா என்பதை வரலாற்றைக் கொண்டுதான் சரிபார்க்க முடியும்.

இம்முறையின் தொடக்கமே அக்கதைக்கு முழுதும் ஒத்துவரவில்லை. 2007 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் ஆண்ட்ரூ ஹைட் என்பவர் முதல் நிகழ்வை நடத்தினார். கூடிய ஏறத்தாழ எழுபது பேரும் சேர்ந்து ஒரே நிறுவனத்தை உருவாக்குவதே அன்றைய திட்டம். உரிமையும் எல்லோருக்கும் பங்கிடப்பட வேண்டும். வார இறுதியில் எழுபது பேர் கூடி உழைப்பது இயலும். திங்கட்கிழமைக்குப் பின் எழுபது உரிமையாளர்கள் சேர்ந்து ஒரு நிறுவனத்தை நடத்துவது எளிதன்று. எனவே முறை மாறியது: ஒரு கூட்டம், பல சிறு குழுக்கள், பல எண்ணங்கள். பின்னர் சியாட்டிலைத் தலைமையிடமாகக் கொண்ட இலாப நோக்கற்ற அமைப்பாக அது வளர்ந்து, காஃப்மன் அறக்கட்டளையின் துணையோடு நாடுகள் பலவற்றுக்குப் பரவியது. 2015இல் டெக்ஸ்டார்ஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. கூட்டு உரிமையாகத் தொடங்கிய ஒன்று சிறு குழுக்களின் போட்டியாக முடிந்தது என்பது இவ்வரலாற்றின் முதல் பாடம்.

சொற்களின் வரலாறும் இங்கே கவனத்திற்குரியது. மலையாளத்தில் தொழில்முனைவோரைச் ‘சம்ரம்பகன்’ என்பர், முயற்சி ‘சம்ரம்பம்’. வடமொழியில் இச்சொல் பரபரப்பையும் வேகத்தையும் சினத்தையும் குறித்தது. பற்றுதல் என்னும் பொருளுடைய ‘ரப்’ என்ற வேரிலிருந்து அது பிறந்தது. ‘ஆரம்பம்’ என்பதும் அதே வேரின் கிளை. தமிழில் ‘முனைவோர்’ என்கிறோம். முனை என்பது போர்க்களம். பழந்தமிழில் முனைவு வெறுப்பையும் சினத்தையும் குறித்தது என்பதற்குத் தொல்காப்பிய உரியியலே சான்று. தொடர்பற்ற இரு வேர்களிலிருந்து வந்த இரு சொற்களும் சினத்தையும் ஊக்கத்தையும் ஒரே இடத்தில் வைத்திருக்கின்றன. அண்மையில் பிறந்த ‘புத்தொழில்’ என்னும் ஆட்சிச்சொல்லில் அந்தச் சூடு இல்லை. புதுமை மட்டுமே எஞ்சியிருக்கிறது.

திருவனந்தபுரத்தின் கதையை 54 மணி நேரத்திலிருந்து தொடங்க இயலாது. 1939இல் திருவிதாங்கூர் அரசு இந்நகரில் பொறியியல் கல்லூரியை நிறுவியது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. புனித மரிய மகதலேனா தேவாலயம் அன்று அலுவலகமும் பணிக்கூடமும் ஆயிற்று. ராக்கெட்டின் உறுப்புகள் மிதிவண்டியில் கொண்டுசெல்லப்பட்டன. கலிஃபோர்னியாவின் கார்க் கொட்டகையைப் புத்தொழிலின் பிறப்பிடமாகக் கொண்டாடும் கதைகளுக்கு இணையான காட்சி இது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: தும்பாவின் கொட்டகை பொதுப்பணத்தில் நடந்தது, அதற்கு இடம்விட்டு நகர்ந்தவர்கள் கடலோர மீனவர்கள்.

1973இல் கெல்ட்ரான் தோன்றியது. ஒரு மாநில அரசு மின்னணுத் துறையில் நிறுவனம் நடத்தியது இந்தியாவில் அதுவே முதல் முறை. அதைக் கட்டியெழுப்பிய கே. பி. பி. நம்பியாரின் முனைப்பே 1990இல் டெக்னோபார்க் உருவாகவும் வழிவகுத்தது. கழக்கூட்டத்தை அடுத்த வைத்தியன்குன்றில் ஏறத்தாழ 50 ஏக்கர் நிலத்தில் தொடங்கிய அது இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. ஜி. விஜயராகவன் அதன் முதல் தலைமைச் செயல் அலுவலர். 1995 நவம்பரில் பிரதமர் பி. வி. நரசிம்ம ராவ் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பெரிய ஆலைகள் வராத, வேலை தேடி வளைகுடாவுக்குப் படித்தவர்கள் சென்றுகொண்டிருந்த ஒரு மாநிலம், தன் இளைஞரை ஊரிலேயே நிறுத்த எடுத்த முயற்சி அது.

புதிய நிறுவனங்களை அடைகாத்து வளர்க்கும் ‘தொழில் வளர் காப்பகம்’ என்னும் கருத்தும் வார இறுதி முகாம்களுக்கு மிக முந்தியது. நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 1982இல் தொழில்முனைவு மேம்பாட்டுக்கெனத் தேசிய வாரியம் ஒன்றை அமைத்தது. அதன் வழியே 1986இல் திருச்சிராப்பள்ளி மண்டலப் பொறியியல் கல்லூரியில் ‘டிரெக்ஸ்டெப்’ என்னும் தொழில்முனைவோர் பூங்கா எழுந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அதே துறையின் துணையுடன் டெக்னோபார்க்கிலும் காப்பகம் ஒன்று தோன்றியது. திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 2006இல் தொடங்கிய மாப்மி என்னும் கைப்பேசிச் சேவை நிறுவனம் அங்குதான் வளர்ந்தது.

அந்த நிறுவனமும் டெக்னோபார்க்கும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் கைகோத்து, 2012 ஏப்ரலில் கொச்சியை அடுத்த களமசேரியில் ‘ஸ்டார்ட்அப் வில்லேஜ்’ தொடங்கின. பத்தாண்டுகளில் 1000 நிறுவனங்கள், கல்லூரி வளாகத்திலிருந்து நூறு கோடி டாலர் மதிப்புள்ள ஒரு நிறுவனம் என்பன அதன் அறிவிக்கப்பட்ட இலக்குகள். நான்கே ஆண்டுகளில், 2016இல், அது இணையவழிப் பயிற்சியாகத் தன்னை மாற்றிக்கொண்டது. இதற்கிடையில் மாநில அரசு 2014இல் தொழில்நுட்பப் புத்தொழில் கொள்கையை வெளியிட்டது. டெக்னோபார்க் காப்பகம் ‘கேரள ஸ்டார்ட்அப் மிஷன்’ எனப் பெயர் மாறியது.

இக்காலத்தின் அறிவிப்புகளில் வரலாற்று மாணவர் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு: நிறுவனம் நடத்தும் மாணவருக்கு 20 விழுக்காடு வருகைப்பதிவுச் சலுகையும் 4 விழுக்காடு கருணை மதிப்பெண்ணும். சிறிய சலுகையாகத் தோன்றும் இது, முனைவுக்குத் தேவையான முதல் முதலீடு நேரமே என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டதற்கான ஆவணம். மூன்று நாள் முகாமுக்கு வர இயல்பவர் யார்? சனிக்கிழமை கூலிவேலைக்குச் செல்லும் மாணவர் வர இயலாது. விடுதிக் கதவு மாலையிலேயே அடைபடும் மாணவியர் இரவு முழுதும் குழுவோடு அமர இயலாது. எண்ணங்களுக்கிடையே வாக்கெடுப்பு நடப்பதற்கு முன்பே நேரம் உடையவர், நேரம் இல்லாதவர் என்ற ஒரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது. வருகைப்பதிவுச் சலுகை அந்த இடைவெளியின் ஒரு மூலையை மட்டுமே நிரப்பியது.

இந்நகரின் புத்தொழில்களில் நாடறிந்த ஒன்றை எடுத்துக்கொண்டால் இவ்வரலாறு இன்னும் தெளிவாகும். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைத் தொட்டிக்குள் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவர் மூச்சுமுட்டி மடிந்தனர். அவர்களைக் காப்பாற்ற இறங்கிய உள்ளூர் ஆட்டோ ஓட்டுநரும் உயிரிழந்தார். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் ஆணையிட்டிருந்தது. சட்டம் இருந்தது, தீர்ப்பும் இருந்தது. தொட்டிக்குள் இறங்க மனிதருக்கு மாற்றாக ஒரு கருவிதான் இல்லை.

மலப்புறம் மாவட்டம் குற்றிப்புறத்துப் பொறியியல் கல்லூரியில் மனித உடலோடு இணைந்து இயங்கும் இயந்திரக் கவசத்தை மாணவப் பருவத்தில் செய்துபார்த்த நண்பர்கள் நால்வர், படிப்பு முடிந்து வேலைக்குச் சென்றிருந்தனர். வேலையை விட்டுத் திரும்பிவந்து ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தை அமைத்தனர். கேரள ஸ்டார்ட்அப் மிஷனும் குடிநீர் வாரியமும் துணைநின்றன. 2018 பிப்ரவரியில் ‘பேண்டிகூட்’ என்னும் இயந்திரம் திருவனந்தபுரத்தின் சாக்கடையில் இறங்கியது. அதே ஆண்டில் அது கும்பகோணத்துக்கும் வந்து சேர்ந்தது. தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களே மேலே நின்று அதை இயக்கப் பயிற்றுவிக்கப்பட்டனர். பெயரும் பொருத்தமானது: பன்றியெலி எனப் பொருள்படும் ‘பந்திகொக்கு’ என்னும் தெலுங்குச் சொல்லே ஆங்கிலத்தில் அவ்வாறு ஆயிற்று, தமிழில் அது பெருச்சாளி. ஆந்திரத் தொழிலாளர் இருவரின் இறப்புக்குப் பின் தோன்றிய கருவி, தெலுங்கு மண்ணின் சொல் ஒன்றைச் சுமந்து நிற்கிறது.

இங்கே ஒரு நிமிடப் பேச்சுக்கு என்ன இடம்? எண்ணத்தை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்: மனிதர் இறங்க வேண்டாம், இயந்திரம் இறங்கட்டும். ஆனால் இறப்புக்கும் இயந்திரத்துக்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. நச்சுக்காற்றும் ஈரமும் தாங்கும் உடல், குறுகிய வாயில் வழியே நுழைந்து உள்ளே விரியும் கால்கள், வாங்க முன்வரும் ஓர் அரசு வாரியம் ஆகியவற்றில் எதுவும் ஒரு வார இறுதியில் கிடைப்பதன்று.

ஆனால் குறுகிய காலக் கூட்டுழைப்பே வீண் என்று முடிவுகட்டவும் வரலாறு இடந்தராது. அதே 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் கேரளத்தை மூழ்கடித்தபோது, திருவனந்தபுரத்திலுள்ள மாநிலத் தகவல் தொழில்நுட்ப மிஷனோடு சேர்ந்து ‘கேரளா ரெஸ்க்யூ’ என்னும் இணையதளத்தைத் தன்னார்வ நிரலர்கள் சில நாள்களில் கட்டினர். ஐ.இ.இ.இ. கேரளப் பிரிவினர் அதில் முன்நின்றனர். மூல நிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதால், வெளிநாடுகளில் இருந்தவர்களும் இரவு பகலாக அதைத் திருத்தினர். சிக்கியோர் இருக்கும் இடம், முகாம்களின் தேவை, உதவ முன்வருவோர் விவரம் எல்லாம் அதில் திரண்டன. நடுவர் இல்லை, பரிசு இல்லை, உரிமைப் பங்கும் இல்லை. போல்டரில் எழுபது பேர் முயன்று கைவிட்ட கூட்டு உரிமை, வெள்ள நாள்களில் ஆயிரக்கணக்கானோரிடையே இயல்பாகக் கைகூடியது. வார இறுதி முகாம்களில் பழகிய கைகள் பல அதில் இருந்திருக்கும். முன்பின் அறியாதவரோடு ஒரே மேசையில் அமர்ந்து வேலையைப் பிரித்துக்கொள்ளும் பழக்கமே அம்முகாம்களின் மெய்யான விளைச்சல். நிறுவனங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அதை அளக்க முயல்வோர் கண்ணில் அது படாது.

தும்பாவின் ராக்கெட்டுக்கும் சாக்கடையில் இறங்கிய பெருச்சாளிக்கும் இடையே 55 ஆண்டுகள். அரசுக் கல்லூரி, பொதுத்துறை ஆலை, பூங்கா, காப்பகம் என அடுக்கடுக்காகப் படிந்த மண்ணின் மேல்தான் 54 மணி நேர முகாம் நடக்கிறது. விளைச்சலைக் காட்டி மண்ணை மறைக்கும் கதை, அடுத்த தலைமுறைக்கு அந்த மண்ணைப் பேண வேண்டிய தேவையையும் மறைத்துவிடும். பல்கலைக்கழகங்களின் நிதி குறைந்து, முகாம்களின் எண்ணிக்கை மட்டும் கூடும் நாளில் இதன் விலை தெரியவரும். ‘முனைவு’ என்னும் சொல் தன் பழைய பொருளை முற்றும் இழந்துவிடவும் வேண்டியதில்லை. கோழிக்கோட்டின் மூன்று உயிர்களை எண்ணிச் சினம் கொள்ளத் தெரிந்தவர்களுக்கு ஒரு நிமிடப் பேச்சில் சொல்ல ஏதேனும் இருக்கும்.