பிளாக்செயினில் வணிக ரகசியம் காக்கப்படுவது எப்படி?

கொல்கத்தா: கொல்கத்தாவில் 1861-ஆம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. தோட்டம், தரகர், கிடங்கு, கொள்முதல் நிறுவனம், வங்கி எனப் பலரைக் கடந்தே தேயிலை கடைக்கு வருகிறது. இத்தகைய வணிகக் கணக்கை அனைவருக்கும் பொதுவான பேரேட்டில் பதிவு செய்யும் தொழில்நுட்பமே பிளாக்செயின்.

ஆனால், ஏலத்துக்கு வெளியே நடைபெறும் நேரடி விற்பனையில் ஒருவருக்கு அளிக்கப்படும் தள்ளுபடி, போட்டி நிறுவனத்துக்கும் தெரிந்துவிட்டால் என்ன ஆகும்?

பிட்காயின் போன்ற பொதுப் பிளாக்செயின்களில் பரிவர்த்தனைகளை எவரும் பார்க்கலாம். வணிகப் பயன்பாட்டுக்கான ‘ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்’ போன்றவற்றில் அனுமதி பெற்ற நிறுவனங்கள் மட்டுமே இணைய முடியும். அவற்றுள்ளும் குறிப்பிட்ட சிலர் மட்டும் பங்கேற்கும் ‘சேனல்’ எனும் தனிப் பேரேட்டை அமைக்கலாம். விலை விவரத்தை உரிய இருவரிடம் மட்டும் வைத்து, அதன் ‘ஹாஷ்’ எனப்படும் எண்ம அடையாளத்தை மட்டும் மற்றவர்களுடன் பகிரவும் இயலும். பின்னர் விலையை யாரேனும் மாற்றினால் அந்த அடையாளம் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தியாவில் தேவையற்ற வணிகக் குறுஞ்செய்திகளைக் கட்டுப்படுத்த, பகிர்ந்தளிக்கப்பட்ட பேரேட்டுத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் விதிமுறைகளை டிராய் அமைப்பு 2018 ஜூலையில் வெளியிட்டது. போட்டி நிறுவனங்கள் ஒரே கட்டமைப்பில் இணைந்து வாடிக்கையாளர்களின் விருப்பங்களையும் ஒப்புதல்களையும் கையாள வேண்டியிருப்பதால், தகவல் காப்பு இங்கு இன்றியமையாதது.

ஹாஷ் மட்டுமே போதுமான பாதுகாப்பு ஆகாது. 6 முதல் 9 வரையிலான எண்களில் தொடங்கும் 10 இலக்கக் கைப்பேசி எண்கள் அதிகபட்சம் 400 கோடிதான். அனைத்தையும் கணினியில் சோதித்து, ஹாஷுக்குரிய எண்ணைக் கண்டறிந்துவிடலாம். எனவே, யூகிக்க முடியாத ரகசிய எண் ஒன்றையும் சேர்த்தே ஹாஷ் உருவாக்கப்பட வேண்டும்.

சட்டச் சிக்கலும் உண்டு. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தங்கள் தரவை அழிக்கக் கோரும் உரிமையை மக்களுக்கு வழங்குகிறது. உரிய பாதுகாப்பு நடவடிக்கைகளை எடுக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கவும் வழிசெய்கிறது. பிளாக்செயினிலோ ஒருமுறை பதிந்ததை அழிப்பது மிகக் கடினம்.

ஆகவே, பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றைப் பேரேட்டுக்கு வெளியே, அழிக்கக்கூடிய சேமிப்பகத்தில் வைப்பதே பாதுகாப்பான வழி. தரவையும் ரகசிய எண்ணையும் அழித்துவிட்டால், பேரேட்டில் எஞ்சும் ஹாஷைக் கொண்டு உரியவரை அடையாளம் காண்பது நடைமுறையில் இயலாது.