வருவேன் என்ற சொல்லும் இறைவன் சித்தமும்

ஆங்கிலம் பேசுவோர் ‘நாளை வருவேன்’ என்று சொன்ன கையோடு ‘காட் வில்லிங்’ (இறைவன் சித்தமானால்) என்று சேர்ப்பது பழைய வழக்கம். நாளை இன்ன நகருக்குப் போவோம், வாணிகம் செய்வோம் என்று அடித்துச் சொல்வோரை யாக்கோபு தம் திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில் கடிந்து, ஆண்டவருக்குத் திருவுளமானால் என்று சொல்லப் பணிக்கிறார். வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. கடிதங்களில் அதே கருத்தை இலத்தீனில் ‘டீ. வீ.’ என்று சுருக்கி எழுதினார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எதிர்காலம் காட்டும் ‘வில்’ என்ற துணைவினை ஆதியில் விரும்புதலைக் குறித்தது. ‘ஐ வில்’ என்பவன் தன் விருப்பத்தைச் சொல்கிறான். பின்வரும் தொடர் அதை இறைவிருப்பத்துக்குக் கீழே வைக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘ஹோப்ஃபுலி’ என்ற சொல் அந்த இடத்தை வெகுவாகப் பிடித்தது. மொழிக் காவலர்கள் நெடுநாள் எதிர்த்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக்கையேடு 2012இல் அதை ஏற்றுக்கொண்டது. நம்பிக்கை மிஞ்சியது, யாரை நம்பி என்பது போய்விட்டது. எனக்கு இது இழப்பாகவே படுகிறது.

வஹகோட்டை அந்தோனியார் திருத்தலத்துக்கான மலரில் இதை எழுதக் காரணம் உண்டு. கண்டி இராச்சியக் காலத்தில் இங்கே குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் இன்று சிங்களம் பேசுகிறார்கள். அவர்களுடைய முன்னோரின் மொழியில் ‘ஒஷலா’ என்றொரு சொல் உண்டு. ‘அப்படி நடக்கட்டும்’ என்ற ஏக்கத்தைச் சொல்வது. அது அல்லாஹ் நாடினால் என்று பொருள்படும் அரபுத் தொடரின் வழிவந்தது. லிஸ்பன் நகரம் 1147 வரை முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. அந்தோனியார் அங்கே பிறந்தது 1195இல். அந்த ஆட்சி நீங்கி அரை நூற்றாண்டே ஆன ஊரின் பிள்ளை அவர்!

நம் முஸ்லிம் சகோதரர்கள் ‘இன்ஷா அல்லாஹ்’ சொல்லாமல் நாளையைப் பற்றி வாக்களிப்பதில்லை. திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயம் அவ்வாறே கட்டளையிடுகிறது. வினைக்குப் பின்னாலும் அவர்கள் அதைச் சொல்வதுண்டு. தமிழின் இயல்பான ஒழுங்கோ வேறு. ‘இறைவன் சித்தமானால் வருவேன்’ என்கையில் நிபந்தனை முந்துகிறது, வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் வாக்கு முதலில் பிறந்து, பிறகு பணிகிறது. தமிழில் பணிந்த பிறகே வாக்குப் பிறக்கிறது. நம் வரிசையே எனக்கு நேர்மையாகத் தெரிகிறது. வர மனமில்லாதவன் தப்பித்துக்கொள்ள இத்தொடரை எடுத்தால் அது இறைவனின் பெயரை வீணாக்குவதாகும்.

ஜூன் 13 திருவிழாவுக்குச் சிங்களமும் தமிழும் பேசும் முதியவர்கள் வருவார்கள். விடைபெறும்போது அவர்கள் நாளையைப் பற்றி எப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் பங்கின் இளைஞர்கள் கேட்டு, இரு மொழியிலும் எழுதிவைக்க வேண்டும்.