83-லிருந்து 95 வரை: மலையேறிய பெட்ரோலின் கதை

மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் பழைய அம்பாசடர் கார்களில் ஒரு சத்தம் வரும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல! கியரைக் குறைத்தால் அடங்கிவிடும். இதற்குப் பெயர் 'நாக்கிங்'.

இன்ஜினுக்குள் பிளக்கின் பொறி மூட்டிய தீ முழுதும் பரவுவதற்குள், மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். அதைத் தாங்கும் திறனை அளக்க 1927-இல் கிரஹாம் எட்கர் வகுத்த அளவுகோலே ஆக்டேன் எண். ஆக்டேன் கூடினால் பெட்ரோலுக்கு சக்தி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடுவது சக்தி அல்ல, பொறுமை!

இந்தியாவில் வெகுகாலம் அந்தப் பொறுமை குறைவுதான். சாதாரண பெட்ரோல் ஒரு காலத்தில் 83 ஆக்டேன், பிறகு 87. அதனால் பெட்ரோலுக்கு ஏற்றபடி கார் வளைந்து கொடுத்தது. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் கம்ப்ரஷன் விகிதம் 7-ஐ ஒட்டியே இருந்தது. அதிக ஆக்டேன் கேட்கும் வெளிநாட்டுக் கார் வைத்திருந்தவர்கள் மெக்கானிக்கிடம் போய் இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் தாமதப்படுத்திக் கொண்டார்கள். சத்தம் நின்றது, கூடவே இழுவையும் குறைந்தது.

ஆனால் மலை ஒரு சலுகை தந்தது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் காற்று குறைவாகப் போவதால் அழுத்தமும் குறையும். அடிவாரத்தில் முரண்டு பிடித்த வண்டி, கீழ் கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களுக்குள் அதே பெட்ரோலில் அமைதியாக ஓடும். அமெரிக்காவின் மலை மாநிலங்களில் 87-க்குப் பதில் 85 விற்கும் வழக்கம் வந்ததும் இதனால்தான் (அவர்கள் கணக்கிடும் முறை வேறு).

ஆக்டேனை உயர்த்த மலிவான வழி ஒன்றும் இருந்தது. அதுதான் ஈயம். 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார், 1923-இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த தொழிலாளர்கள் விஷமேறி இறந்தார்கள். ஆனாலும் விற்பனை தொடர்ந்தது. புகையோடு வந்த ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. இந்தியா முழுவதும் ஈய பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரி 1 அன்று. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது.

பிறகு இங்கே 88, 91 என்று எண் ஏறியது. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அரசு சொல்லும் அளவு 95. எண் கூடியது நல்லதுதான். ஆனால் எத்தனாலில் ஆற்றல் குறைவு, மைலேஜ் சற்று இறங்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கும் அது ஒத்துக்கொள்ளாது.

இன்றைய கார்களில் நாக் சென்சார் உண்டு. குறைந்த ஆக்டேன் ஊற்றினால் கம்ப்யூட்டரே டைமிங்கைத் தாமதப்படுத்தி சமாளிக்கும், இழுவையும் மைலேஜும் போகும். டர்போ கார் காற்றைத் தானே அழுத்திக் கொள்வதால் மலையின் சலுகை அதற்கு அவ்வளவாகக் கிடைக்காது. பாரத்தோடு ஏறும்போது நாக்கிங் நீடித்தால் பிஸ்டனே உடையலாம்.

ஆகவே கையேட்டில் 'பரிந்துரை' என்றிருந்தால் ஒருமுறை சமாளிக்கலாம். 'கட்டாயம்' என்றிருந்தால் மலையேறும் முன் அடிவாரத்து பங்கிலேயே கேட்டு ஊற்றுவது நல்லது. லிட்டருக்கு மிச்சம் பிடிக்கும் சில ரூபாய், இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவுக்கு முன் ஒன்றுமேயில்லை!