எழுதாத வெண்மை

ஓவியம் தீட்டுவதையும் 'எழுதுதல்' என்றே சொல்வது நம் மொழியின் தொல்வழக்கு. ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் லியர் (1812–1888) பனிமலையைத் தாளில் ஏற்றிய முறை அவ்வழக்குக்கு வெகுவாகப் பொருந்துகிறது.

குழந்தைகள் மகிழும் வேடிக்கைப் பாக்களால் அவர் புகழ்பெற்றார். ஆயினும் அவருக்குச் சோறிட்டது தூரிகையே. வைசிராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பை ஏற்று 1873 நவம்பரில் பம்பாயில் வந்திறங்கி, 1874 சனவரியில் டார்ஜிலிங் சென்று கஞ்சன்ஜங்காவைக் கண்டார்.

நீர்வண்ணத்தில் பனியைத் தீட்டுவதென்பது பெரும்பாலும் தீட்டாது விடுவதே. வெள்ளைச் சாயம் பூசுவோரும் உளர். அது சுவருக்கடித்த சுண்ணாம்பு போலாகிவிடுகிறது என்பது என் கருத்து. தாளின் வெண்மை பனியாக நிற்க, பள்ளங்களின் நிழலை மட்டும் நீர்த்த நீலத்தால் குறிப்பதே பழைய முறை. ஈரம் எல்லை மீறினால் சிகரம் போயிற்று! சாயத்தைத் தாள் உறிஞ்சிவிடாதிருக்க, அக்கால ஆங்கில ஆலைகள் அதற்கு ஊன்பசை ஏற்றின. தோலின் கழிவுத் துண்டுகளைக் காய்ச்சி வடிப்பது அப்பசை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தார்க்கு அதன் நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. இமயத்தின் தூய்மையைத் தாளில் காத்தது தொட்டியில் ஊறிய தோல்தான்.

லியர் மலைக்கு எதிரே அமர்ந்து பென்சிலால் விரைந்து கோடிடுவார். இடமும் நாளும் குறிப்பார். இன்ன இடத்தில் இன்ன நிறம் என்பதைச் சொற்களாகவே படத்தின்மேல் எழுதிவிடுவார். மையும் வண்ணமும் பின்னரே வரும். அதுவரை நிறங்கள் யாவும் சொற்களாகவே தாளில் காத்திருந்தன. அவருடைய இந்தியப் பயணக் குறிப்பேடுகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் உள்ளன.

அவ்வாண்டு சூலையில் பம்பாயின் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' இதழில் 'தி கம்மர்பண்ட்' என்ற வேடிக்கைப் பாவை வெளியிட்டார். சலவைத் தொழிலாளியைக் குறிக்கும் 'டோபி' அதில் இருக்கையாகிவிடுகிறது! பிறகு பெங்களூர், சென்னை, காஞ்சி, மாமல்லை, திருச்சி, தஞ்சை எனப் பயணம் நீண்டது. பெங்களூர்–சென்னை இருப்புப்பாதை அன்றே ஆம்பூர் வழியாக, மதிலழகுக்குப் பேர்போன நம் விரிஞ்சிபுரத்துக்குச் சற்று வடக்கே சென்றது.

தாயகப் பிரபுக்களுக்காக அவர் கஞ்சன்ஜங்காவைப் பெரிய எண்ணெய்வண்ணப் படங்களாகவும் தீட்டினார்; அபர்டேர் பிரபுவுக்குரியது 1877-இல் முடிந்தது. அவற்றில் முன்புறக் காடும் பெரணிகளும் கொழித்து நிற்கின்றன. பனியோ அங்கே பூசப்பட்ட சாயம். எனக்கு உவப்பானவை கோடும் சொல்லும் மறையாத அச்சிறு தாள்களே.